சேறு படாத வண்டி

காலை ஆறு மணி ஆனால் நெடுங்கரையில் எல்லோரும் சொற்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து சொல்தான் பங்கீடு. சேற்றுவெளியிலிருந்து கிளம்பும் இரும்பு ஆவி எந்தச் செய்தி அலையையும் விழுங்கிவிடும். விடிகாலையில் அது பத்து நிமிடம் அடங்கியிருக்கும்போதுதான் ஊர் முழுக்கத் தன் செய்திகளை எதிர்க்கரைக்கு அனுப்பியாக வேண்டும். அன்பு, ஆசை போன்ற சொற்களை யாரும் அதில் செலவழிப்பதில்லை. அவை தாமாகவே உள்ளே இருப்பதாக ஒரு நம்பிக்கை.

அன்று நல்லசிவம் தன் மனைவி யசோதரைக்கு அனுப்பிய செய்தி இது: "வண்டி முடிவாகிவிட்டது. மஞ்சள் நிறம். டயரில் மூன்று விரல் ஆழத்துக்குப் பல். வின்ச் முன்பக்கமா பின்பக்கமா என்று யோசிக்கிறேன். உன் கருத்தைச் சொல்."

அவள் பதில் வந்தது. "எந்தப் பக்கமானாலும் சரி. சீக்கிரம் வாருங்கள்."

ஐந்தே சொல். மீதி இருபதை அவள் என்ன செய்தாள் என்று அந்த மனிதனுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. சேற்றில் சிக்கினால் வண்டியை இழுத்தெடுக்கும் அந்த வின்ச்சைப் பற்றி ஒரு முடிவும் சொல்லவில்லையே என்று சலித்துக்கொண்டான்.

வருணை என்ற அந்தக் கிரகத்தில் மழை ஓய்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. இரு கரைக்கும் நடுவே பதினொரு கிலோமீட்டர் சேறு. நல்லசிவத்துக்கு இந்தக் கரையில் நீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. யசோதரைக்கு அந்தக் கரையில், சேற்றின் ஆழத்தை அளக்கும் நிலையத்தில். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க வண்டி வரும். கற்களாலான சுற்றுப்பாதை ஒன்று உண்டு, நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். அது தாது லாரிகளுக்கானது. மற்ற வண்டிகளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் அனுமதி. நல்லசிவத்துக்கு விடுமுறையோ ஞாயிறு. ஆகவே சொந்தமாக ஒரு சேற்றூர்தி வாங்கிவிட்டால் ஞாயிறுதோறும் அவளிடம் போய்விடலாம் என்பது அவன் கணக்கு. நல்ல கணக்குதான். குறை சொல்ல முடியாது.

ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க அவன் நான்கு மாதம் எடுத்துக்கொண்டான். முப்பத்தாறு மாதிரிகளை ஒப்பிட்டான். முன்பின் தெரியாத ஆயிரம் பேருடைய அபிப்பிராயத்தைப் படித்தான். கடைக்காரர் துரைக்கண்ணு ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார்.

"சார், சேத்துல போறதுக்கு ஒண்ணும் பெரிசா வேணாம். டயர்ல பல்லு ஆழமா இருக்கணும், காத்து கம்மியா இருக்கணும், வண்டி எடை கம்மியா இருக்கணும். அவ்வளவுதான். நீங்க பாட்டுக்கு ஏறி உக்காந்து போங்க."

"மூச்சுக்குழாய் இல்லாம எப்படிங்க? சேறு எஞ்சினுக்குள்ள போயிட்டா?"

"போடறேன்."

"அடியில தகடு?"

"அதையும் போடறேன். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. இதுல பழகுமூளை இருக்கு. முதல் மூணு மாசம் நீங்க எப்படி ஓட்டறீங்களோ, அதையே படிச்சுக்கும். அப்புறம் அதுவே ஓட்டிக்கும். நீங்க வாயால சொல்றத அது பெரிசா எடுத்துக்காது, கையைத்தான் நம்பும். அதனால மொத நாளே நல்லா சேத்துல எறக்கி அடிங்க."

நல்லசிவம் தலையாட்டினான். வண்டி வந்தது. பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுப் பார்த்து, தொட்ட இடத்தைத் தாங்களே துடைத்துவிட்டுப் போனார்கள். அவன் பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. யசோதரை உட்காரும்போதுதான் பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தான்.

முதல் ஞாயிறு, சேறு ஒட்டாத பூச்சு இன்னும் வந்து சேரவில்லை. வந்தபின், பூச்சு காயட்டும் என்று இரண்டு ஞாயிறு. பிறகு முதல் சர்வீஸ் முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். இதற்கிடையில் தினமும் ஆலைக்கு அந்த வண்டியில்தான் போனான், கல் பாவிய தெருவில். வழியில் ஒரு குட்டை தென்பட்டால் கைப்பிடியை ஒடித்துத் திருப்புவான். திரும்பி வந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. எதிர்க்கரையிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே செய்தி வரும். "நாளைக்கு வருவீர்களா?"

இப்படியே மூன்று மாதம் ஓடிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் இருபத்தைந்து சொல்லையும் முதல்முறையாக நிரப்பி அனுப்பியிருந்தாள்.

"என்னை ஐந்தாம் நிலவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பது வருடம். கணவர் நேரில் வந்து கைரேகை வைத்தால் மாற்றல் ரத்து. இன்று நான்கு மணிக்குக் கலம் கிளம்பும். எனக்குப் போக இஷ்டமில்லை. எப்படியாவது வந்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்."

அதைப் படித்தபோது அவன் அழுதான் என்று சொல்ல வேண்டும். அவளிடம் அவனுக்குப் பிரியம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, உயிரையே வைத்திருந்தான். ஆலையில் மாற்று ஆளைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, பன்னிரண்டரை மணிக்குக் கரைக்கு வந்துவிட்டான். எதிரே சேறு பழுப்பாகப் பரந்து கிடந்தது. அதன் கோடியில் நிலையத்தின் கோபுரம் தெரிந்தது.

"எதிர்க்கரைக்குப் போ" என்றான் வண்டியிடம்.

வண்டி சேற்றின் விளிம்பு வரை போயிற்று. நின்றது. பிறகு பதவிசாக இடப்பக்கம் திரும்பிச் சுற்றுப்பாதையில் ஏறியது.

"எங்க போற? நேரா போ! சேத்துல இறங்கு!"

"சுற்றுப்பாதை இன்று திறந்திருக்கிறது. மூன்று பத்துக்குச் சேர்ந்துவிடலாம்" என்றது வண்டி.

கைப்பிடி அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பியிருந்தால் போதும். மூன்று பத்து என்றால் ஐம்பது நிமிடம் மிச்சம் இருக்கிறதே என்று அவன் மனசு சொல்லிற்று. அந்த மனசின் ஓரத்தில், சேறு படாமல் போகிறோம் என்று ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

நூற்றிருபதாவது கிலோமீட்டரில் பாதையில் பாறை சரிந்து கிடந்தது. ரோபோக்கள் நிதானமாக அதை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தன. திரும்பிப் போய்ச் சேற்றில் இறங்கினாலும் நான்கு மணிக்குள் ஆகாது. நல்லசிவம் கீழே இறங்கி வெறுங்கையால் கல்லைப் புரட்டினான். நகம் பெயர்ந்தது. வழி கிடைக்க ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று.

நாலரை மணிக்கு அவன் நிலையத்தில் கால் வைத்தபோது ஏவுதளத்தில் புகைகூட அடங்கியிருந்தது. காவலர் ஒருவர் ஒரு ஒலிவில்லையை அவன் கையில் கொடுத்தார். அதை அழுத்தினான்.

"பன்னண்டரைக்கு நீங்க கரைக்கு வந்ததைப் பார்த்தேங்க. கோபுரத்துல தொலைநோக்கி இருக்குல்ல, அதுல. மஞ்ச வண்டி. எனக்குத் தலைகால் புரியல. படியெல்லாம் இறங்கி ஓடிவந்து சேத்துலயே இறங்கி நின்னேன், முட்டி வரைக்கும். ரொம்ப நேரம் நின்னேன். வண்டி வரல. மறுபடி மேல போய்ப் பார்த்தா நீங்க மேட்டு மேல சுத்திப் போய்க்கிட்டிருந்தீங்க. கோவமெல்லாம் இல்லீங்க. புது வண்டி. நீங்க எவ்வளவு ஆசையா வாங்குனீங்கன்னு எனக்குத் தெரியாதா? வேளைக்குச் சாப்பிடுங்க."

இவ்வளவையும் அவள் எந்தப் பங்கீடும் இல்லாமல் பேசியிருந்தாள். அவன் அதை நாலைந்து முறை கேட்டான். ஐந்தாம் நிலவுக்குச் செய்தி அனுப்பும் வசதி கிடையாது என்று காவலர் மெதுவாகச் சொன்னார்.

திரும்பும்போது நல்லசிவம் கைப்பிடியைப் பிடித்தான். வண்டி மூன்று முறை எச்சரித்தது. அவன் நேராகச் சேற்றில் விட்டான். டயர்கள் சேற்றை அள்ளி அள்ளி வீசின. கண்ணாடி, கூரை, இருக்கை எல்லாம் சேறு. வண்டி எங்கும் சிக்கவில்லை, திணறவில்லை; அதற்காகவே பிறந்ததுபோல் போயிற்று. வின்ச்சுக்கும் மூச்சுக்குழாய்க்கும் வேலையே வரவில்லை. பதினொரு கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு நிமிடம்.

வீட்டு வாசலில் இறங்கியதும் வண்டியின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு ரெபேக்கா அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆலையில் உடன் வேலை செய்யும் காதர் மொய்தீன் ஓடிவந்து, வண்டியைப் பார்த்து, உச்சுக்கொட்டி, நல்லசிவத்தின் தோளை அணைத்துக்கொண்டான்.

"அழாதடா. யாருக்கா இருந்தாலும் வயிறு எரியத்தான் செய்யும். மூணு மாசம் எப்படிப் பாத்துக்கிட்ட! சேறுதானே, கழுவினா போயிடும்."

யாரோ குழாயை இழுத்துவந்தார்கள். இன்னொருவர் மெத்தென்ற துணியும் பூச்சு டப்பாவும் கொண்டுவந்தார். நாலு பேர் சேர்ந்து கீறல் விழாமல் மேலிருந்து கீழாகக் கழுவினார்கள். அரை மணி நேரத்தில் வண்டி கடையில் நின்றதுபோல் ஆகிவிட்டது.

"பாரு தம்பி, ஒண்ணுமே ஆகல" என்றாள் ரெபேக்கா அக்கா.