மூன்றாம் அடுக்கின் சும்மாடு

அந்தக் கோபுரத்தைக் கட்டியது யார் என்று கேட்டால் வாசல் கல்வெட்டைக் காட்டுவார்கள். ஏழு பாதிரியார்களின் பேர் இருக்கும். இரண்டு தடவை சரிந்ததாம், மூன்றாவது தடவை மாதாவின் கிருபையால் நின்றதாம். கிருபையாம்! என் வயிறு எரிகிறது.

1964 தை மாதம், திருநாளுக்கு முன் கோபுரத்தைப் பூசி வெள்ளையடிக்க, தாராவியிலிருந்து நானும் என் மனைவி சகாயராணியும் போனோம். சயான் ஸ்டேஷனைத் தாண்டி உப்பங்கழியோரத்தில் முந்நூறு வருஷத்து மாதா கோயில் அது. நான் கொத்தன், அவள் சித்தாள். சுவரைப் பார்த்தே அதன் கதையைச் சொல்லிவிடுவேன். கீழ் அடுக்கு கருங்கல், நடு அடுக்கு செங்கல், மூன்றாவது அடுக்கில் ஒரு மூலை மட்டும் அவசரமாய் அடைத்தது.

கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை அன்று அவள் வீட்டிலேயே மறந்துவிட்டாள். மூன்றாம் அடுக்குப் படியில் பழைய சும்மாடு ஒன்று, இப்போதுதான் சுற்றி வைத்ததுபோல் கிடந்தது. எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கூடையை இறக்கிய பிறகும் அவள் கழுத்து நிமிரவில்லை.

"அத்தான், யாரோ கல்லு ஏத்துதாவ. இறக்கி வுடுங்க."

சும்மாட்டைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

அந்த மூலையிலிருந்து பச்சைச் சுண்ணாம்பு வாடை அடித்தது. முந்நூறு வருஷத்துச் சுவரில்! தட்டிப் பார்த்தேன், உள்ளே வெற்றிடம். இடித்தேன்.

ஒரு பெண் நின்றிருந்தாள். எலும்புதான். கையில் வளையல். வெறும் மண்டையோட்டின் மேல் ஒரு கருங்கல், அதைப் பிடித்தபடி வலது கை. சும்மாட்டைக்கூட வெளியே வைக்கச் சொல்லி, கோபுரம் நிற்க வேண்டுமென்று காவு கொடுத்து அடைத்திருக்கிறார்கள், பாவிகள்.

கல்லை இறக்கினேன். அந்த நொடியே சகாயராணியின் தலையிலிருந்து சும்மாடு தானாக நழுவி விழுந்தது.

மேஸ்திரி ஆபிரகாம் ஓடி வந்தார்.

"மூடுலே. ஃபாதர் பாத்தா காம் பந்த், வேலை நின்னுபோவும்."

"மூட மாட்டேன் அண்ணாச்சி. இவளை மண்ணுல அடக்கம் பண்ணணும்."

"சரி, ஃபாதர்ட்ட நானே சொல்லுதேன். நீ வீட்டுக்குப் போ."

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரம். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த சகாயராணியின் கழுத்து மடங்கியது. வலது கை மெல்ல எழுந்து, தலைக்கு மேலே இல்லாத எதையோ பிடித்தது.

"அத்தான்... திரும்ப ஏத்திட்டாவ."

சுத்தியலோடு ஓடினேன். மூன்றாம் அடுக்கை அதற்குள் மூடி, வெள்ளையும் அடித்திருந்தார்கள். கேட்டில் நிறுத்தியிருந்த போலீஸ் என்னை உள்ளே விடவில்லை.

கல்வெட்டில் இப்போது எட்டுப் பேர். கோபுரத்தைப் புதுப்பித்தவர் ஆபிரகாம் என்று பொறித்திருக்கிறார்கள்.

சகாயராணியின் கை இன்னும் இறங்கவில்லை.