பாதி வெட்டிய முடி

பெரியப்பா முடி வெட்டுபவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓடினால், வாய் இன்னொரு பக்கம் ஓடும். தேய்ந்துபோன முழங்காலில் செயற்கை மூட்டு வைத்த பிறகு கடைக்குப் பூட்டு விழுந்தது. வாய்க்கு விழவில்லை.

அவருக்குப் பயிற்சி கொடுக்க பிசியோ அக்கா வீட்டுக்கே வருவார். கடை நாற்காலியில் உட்காரவைத்து, காலை மெல்ல மடக்குவார்.

"வலி எவ்வளவு? பூஜ்ஜியத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"பூஜ்ஜியம்! வலியா? எனக்கா?"

சொல்லும்போதே நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிடுபவர் போலப் பிடித்திருந்தார். அவருடைய தம்பி மகள் இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டில் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அக்கா உதட்டைப் பிதுக்கினார். "வலி இல்லைங்கிறீங்க. ஆனா கால் மடங்க மாட்டேங்குதே! இப்படியே விறைச்சுப் போச்சுன்னா நின்னு வேலை செய்யறது கஷ்டம்."

கடை இல்லாத பெரியப்பாவை வாலுவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மாலையில் வாலு கடை அலமாரியைத் துடைக்கும்போது பவுடர் டப்பா கைதவறி விழுந்தது. பவுடரோடு மாத்திரைகளும் உருண்டு ஓடின.

"பெரியப்பா! வலி மாத்திரையப் போடவே இல்லையா?"

"ஷ்ஷ்! அதப் போட்டா வயித்தக் குமட்டுது, தலை சுத்துது, உக்காந்த இடத்துலயே தூங்கி வழியறேன்."

"அக்காகிட்ட சொல்லலாமே?"

"சொன்னா, கடைய இப்போதைக்குத் தொறக்காதீங்கன்னுடுவாங்க. நீயும் மூச்சு விடக் கூடாது!"

கோள் சொல்வது வாலுவுக்குப் பிடிக்காது. அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறினாள்.

"முன்முடி கண்ணுல விழுது. வெட்டி விடுங்க."

பெரியப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உயரமான முக்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தைச் சரக் சரக்கென்று வெட்டினார்.

"போதுமா, இன்னும் குறைக்கணுமா?"

"பூஜ்ஜியம்."

"என்னது?"

"ஒண்ணுமே இல்ல. எல்லாம் நல்லாருக்கு."

"அடிப் போக்கிரி! வாயத் தொறந்து சொன்னாத்தானே நான் வெட்ட முடியும்?"

வாலு கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். "அக்காவுக்கும் அப்படித்தானே, பெரியப்பா?"

கத்தரிக்கோல் நின்றது. வாலு குதித்து இறங்கினாள். "நீங்க சொன்ன பிறகு மீதிய வெட்டிக்கறேன்."

மறுநாள் ஒரு கண் தெரிய, ஒரு கண் மறைய, அவள் பள்ளிக்கூடம் போனாள். யார் வெட்டியது என்று கேட்டவர்களிடம் எல்லாம், "எங்க பெரியப்பா!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். மானம் போனது பெரியப்பாவுக்குத்தான்.

அடுத்த முறை அக்கா வந்தபோது, பெரியப்பா அந்த அரைகுறை முடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஏழு. மடக்கினா எட்டு," என்றார். மாத்திரை விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார்.

அக்கா திட்டவில்லை. உடனே டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினார். சாப்பிட்ட பிறகே போட வேண்டும், அது வேலை செய்யத் தொடங்கியதும் பயிற்சி, பிறகு ஐஸ் ஒத்தடம் என்றார்.

"வலி ஒரேயடியா போயிடாது. ஆனா மாத்திரையால அடக்கி வெச்சா கால் மடங்கும். கடையும் தொறக்கலாம்," என்றார் அக்கா.

"வா, மீதிய வெட்டறேன்," என்றார் பெரியப்பா.

"அவசரமே இல்ல. கடையத் தொறந்ததும் வெட்டிக்கறேன்." வாலு வெட்டாத பக்கத்துக்கு ஒரு கிளிப் குத்திக்கொண்டாள்.

கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. காலையில் மட்டும், அதுவும் முக்காலியில் உட்கார்ந்தபடி, கடை நடத்த டாக்டர் சம்மதித்தார். கடை திறந்ததும் வாலுதான் முதல் ஆள்.

"சொல்லுங்கம்மா, எவ்வளவு குறைக்கணும்?"

"புருவத்துக்கு மேல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. காதுகிட்ட கூசும், மெதுவா!"

"அப்பாடா!" என்று கத்தரிக்கோலை எடுத்த பெரியப்பா, யாரும் கேட்காமலே சொன்னார்: "எனக்கு இப்போ மூணு."