இந்த வருஷம் குருவிகள் வரவில்லை

முன்பின் தெரியாத ஊர். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஒருவன் பின்பக்கமாக நடந்து வந்து அவள் காலின் மேல் ஏறி நின்றான்.

சும்மா மிதிக்கவில்லை... ஏறியே நின்றான். கனத்த பூட்ஸ், மஞ்சள் தொப்பி, கையில் ஒரு மரச்சுத்தியல், பார்வை முழுக்க வானத்தில்.

"மூணு தடவ சொன்னேன்... பார்த்து வாங்க, பார்த்து வாங்கன்னு. காதுல என்ன பஞ்சா?"

அவன் திரும்பினான். கண்ணைப் பார்க்கவில்லை. நேராக அவள் உதட்டைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மன்னிச்சுக்கங்க. மரத்தைப் பார்த்துட்டே வந்துட்டேன்."

எந்த மரம் என்று கேட்க அவள் நிமிர்ந்தாள். அவ்வளவுதான். வலி, கோபம், சொந்தப் பெயர் எல்லாமே மறந்துபோயிற்று.

அது பூத்திருந்தது என்று சொன்னால், கடலில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன மாதிரி. ஓர் இலை கிடையாது. அடிக்கிளையிலிருந்து உச்சி வரைக்கும் வெள்ளை... ஒரு மேகம் இளைப்பாற இறங்கி, இடம் பிடித்துப்போய், போக மனமில்லாமல் நின்றுவிட்டது போல. கீழே கல்லறைகள் ஒவ்வொன்றின் மேலும் உதிர்ந்த இதழ்கள், குளிருமே என்று யாரோ போர்த்திவிட்டது போல. அடுத்த ஒரு நிமிடம் அவள் மூச்சு விட்டாளா என்பது சந்தேகம்.

"வாயை மூடுடி, பூ உள்ள போயிடும்," என்றாள் சித்தி.

சித்தி பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். "வருஷம் பூரா ஆஸ்பத்திரியில ஒரு பெட்டி ரூமுக்குள்ள உக்காந்து ஊரான் காதைச் சோதிக்கிற. மூணு நாள் வெளிக்காத்து படட்டும். மியூசியம் கிடையாது, கடை கிடையாது. பார்க், கல்லறை, தெரு... அவ்வளவுதான்," என்று அக்கா மகளை ரயிலேற்றிக் கூட்டிவந்தவள். கல்லறைக் கற்களில் இறந்த வருஷத்திலிருந்து பிறந்த வருஷத்தைக் கழித்து, "எம்பத்தி நாலு... பரவாயில்ல, நல்லா வாழ்ந்திருக்கா," என்று மார்க் போடுவது சித்தியின் பொழுதுபோக்கு.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். அடிமரத்தைச் சுற்றி, ஈரம் காயாத சிவப்பு வளையம்.

"இது என்ன?"

"வெட்டுறதுக்குப் போட்ட அடையாளம். திங்கக்கிழமை ஆளுங்க வருவாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "உள்ள கெட்டுப்போச்சு. தட்டிப் பார்த்துட்டேன். நகராட்சி மரங்களுக்கு நான்தான் டாக்டர்."

"டாக்டரா, எமனா?"

அவன் சிரித்தான். சிரிக்கும்போதும் பார்வை உதட்டை விட்டு நகரவில்லை. அவளுக்குக் கன்னம் சூடாயிற்று. என்ன தைரியம் இவனுக்கு... ஆனால் அந்தப் பார்வையில் அசிங்கம் எதுவும் இல்லையே. பரீட்சைக்குப் படிக்கிறவன் புத்தகத்தைப் பார்ப்பது போல அல்லவா பார்க்கிறான்...

"நாளைக்கு ஆத்தங்கரை பார்க்குல இருப்பேன். வாங்க, உயிரோட இருக்கப்போற மரங்களையும் காட்டுறேன். காலை மிதிச்சதுக்கு அபராதம்."

அன்று சாயங்காலம் அவளும் சித்தியும் தெருத் தெருவாக அலைந்தார்கள். ஜன்னலோரப் பூந்தொட்டிகள், தண்ணீர் தெளித்த கல் பாதைகள், ஒரு சந்து முழுக்கக் கடிகாரம் பழுது பார்க்கும் கடைகள். சித்தி நான்கு பெஞ்சுகளில் உட்கார்ந்து, ஐந்தாவது பெஞ்சில் கேட்டாள்.

"நாளைக்கு பார்க்குக்குப் போறோமா?"

"அந்த ஆளுக்காக ஒண்ணும் இல்ல சித்தி. மரம் பார்க்க."

"நான் ஆளைப் பத்திக் கேக்கவே இல்லையே."

பார்க்கில் வெயில் பச்சையாக விழுந்தது. இரு பக்கமும் வரிசையாக மரங்கள். உச்சியில் கிளையோடு கிளை கோத்து, ஆயிரம் பேர் சாப்பிடக்கூடிய கூடம் ஒன்றுக்குக் கூரை போட்டிருந்தன. அந்தக் கூரை முழுக்கக் குருவிகள். நூறா, லட்சமா... லட்சம் என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாக் குருவிகளும் ஒரே நேரத்தில் பேசின. ஊரில் உள்ள அத்தனை கண்ணாடி வளையல்களையும் ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். அவள் தலையை அண்ணாந்து, கண்ணை மூடி அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது அவன் எதிரே நின்றிருந்தான்.

"அழகா இருக்கில்ல? ஒரே ஒரு குறைதான். இந்த வருஷம் ஏனோ குருவிங்களே வரல."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கேலி செய்யவில்லை. அந்த முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அவன் தலைக்கு மேலே லட்சம் குருவிகள்...

"அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் குடுங்க," என்றாள் மெதுவாக.

"நல்ல மரம்னா டங்குனு மணி மாதிரி பேசும். கெட்டதுன்னா தலகாணியை அடிச்ச மாதிரி இருக்கும்," என்று சொல்லிக்கொடுத்தான்.

அவள் பக்கத்து மரத்தைத் தட்டினாள். கணீரென்றது. உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது அந்தச் சத்தம். இருநூறு வருஷம் பேசாமல் நின்ற ஒன்று, அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னது போலிருந்தது.

"பாவம், இதுவும் போச்சு," என்றான் அவன்.

"மரம் வெட்டுற மெஷின் ரம்பத்தோட சத்தத்துல எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க?"

"பதினாலு. எதுக்கு?"

அவள் கழுத்தில் கிடந்த துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டாள். வேலையில் தினமும் செய்கிற சோதனைதான். "உங்க தொப்பியில பூ இருக்கு," என்றாள்.

அவன் கை தொப்பிக்குப் போகவில்லை. துணிக்குப் பின்னால் ஏதோ சொல்லப்பட்டது என்பது மட்டும் புரிந்து, அவன் முகம் வெளுத்தது.

அவளுக்குள்ளும் ஏதோ உடைந்தது. அப்படியானால் அந்தப் பார்வை... நேற்று ராத்திரி முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்த பார்வை... வெறும் படிப்புத்தானா?

துப்பட்டாவை இறக்கினாள். வலித்ததாலேயோ என்னவோ, ஆஸ்பத்திரிக் குரலில் பேசிவிட்டாள். "கீச்சுனு மெல்லிசா வர்ற சத்தம் எதுவும் உங்களுக்குக் கேக்கல. குருவி, பொம்பளைங்க குரல், மரத்தோட மணி... எதுவும். அந்த வெள்ளை மரம் நல்லா இருக்கலாம். நீங்க தப்பா அடையாளம் போட்டிருக்கலாம்."

"சுத்திப் பார்க்க வந்த இடத்துலயும் ஆஸ்பத்திரி நடத்துறீங்களா? என் காது நல்லாத்தான் இருக்கு." சுத்தியலை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

"தம்பி..." என்று சித்தி கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். "நீ சொன்னது சரிதான்டி. சொன்ன விதம் சரியில்ல. அவன் சோறு அந்தக் காதுலதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரயில். காலையிலேயே பெட்டி கட்டியாயிற்று. அவள் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நாளைக்கு வெட்டிவிடுவார்கள்... அந்த மேகத்தைத் துண்டு போட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தன்னை வருத்துவது மரம் மட்டும்தானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பதில் தெரிந்த கேள்வி அது.

"எனக்குக் கல்லறைல இன்னும் ரெண்டு வரிசை பாக்கி இருக்கு," என்று சித்தி செருப்பை மாட்டினாள். சித்தி பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். அன்று தக்காளியாகச் சிவந்திருந்தது.

அவன் மரத்தடியில் முழங்காலிட்டிருந்தான். கம்பித் தூரிகையால் சிவப்பு வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பாதி வளையம் போயிருந்தது. பக்கத்தில், ஊசி போல மெல்லிய துளை போடும் மெஷின். அவள் நேராக அவன் எதிரே போய் நின்றாள்.

அவன் எழுந்து உள்ளங்கையை நீட்டினான். அதில் ஒரு சிட்டிகை மரத்தூள்... வெண்ணெய் நிறத்தில், ஈர வாசனையோடு.

"நடுமரம் வரைக்கும் துளைச்சுப் பார்த்தேன். துளிகூடக் கெடல. இந்த வசந்தத்துல பதினோரு மரத்துக்கு வளையம் போட்டேன். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி எல்லாத்தையும் பார்த்தேன். ஒம்பது மரம் நல்லா இருக்கு." உள்ளங்கையை மூடிக்கொண்டான். "ஒம்பது கொலை பண்ணியிருப்பேன்."

"பண்ணலையே."

"சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். என் காதை நம்பாதீங்கன்னு சொல்லிட்டேன். தட்டுற வேலை இனிமே எனக்கு இல்ல. கன்னு நடுற வேலை தர்றாராம்." ஒரு மாதிரி சிரித்தான். "ஒரு வருஷமாவே சந்தேகம் இருந்துச்சு. ஒத்துக்கப் பயம். நேத்து உங்க மேல கோவப்பட்டது... அந்தப் பயம்தான்."

"நானும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

காற்று வந்தது. மரம் ஒரு பெருமூச்சு விட்டு ஆயிரமாயிரம் இதழ்களை உதறியது. இருவரும் சொல்லிவைத்தது போல அண்ணாந்தார்கள். உலகத்தில் அப்போது வெள்ளையைத் தவிர வேறு நிறம் இல்லை.

"குருவிங்க இருக்கா?" என்று கேட்டான்.

அவள் தலையசைத்தாள்.

"நிறையவா?"

"நிறைய. வந்திருக்கு... எல்லாம் வந்திருக்கு."

அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். ஈர மண் நிறத்துக் கண்கள்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்," என்றான். "முதல் நாள் உங்க உதட்டைப் பார்த்தது, நீங்க திட்டுறது என்னன்னு புரிஞ்சுக்கத்தான். சத்தியமா. ஆனா மரத்தைப் பார்த்து வாயடைச்சு நின்னீங்களே... ஒரு வார்த்தை பேசல. அப்பவும் பார்த்துட்டுதான் இருந்தேன். படிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மதியம் ரயில்னு உங்க சித்தி நேத்தே சொன்னாங்க. இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல."

இரண்டு கல்லறை தள்ளி, ஒரே கல்லில் பத்து நிமிடமாகக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சித்தி, கழுத்தை எட்டு அங்குலம் நீட்டினாள்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. அவன் முகத்துக்கு நேரே நின்று, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து பதில் சொன்னாள். அவன் சொன்ன அதே மூன்று வார்த்தை, ஓர் 'உம்' மட்டும் கூடுதலாக.

"என்னடி சொன்ன? எனக்கு ஒண்ணும் விழலையே," என்றாள் சித்தி.

அவனுக்கு விழுந்திருந்தது. காது வரைக்கும் சிவந்து, தொப்பியைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினான்.

"சரியாப் படிச்சேனான்னு தெரியல," என்றான். "இன்னொரு தடவ சொல்லுங்க... கொஞ்சம் மெதுவா."