முப்பத்தொன்றாம் புள்ளி

அவள் கை மடியில் இருந்தது. குச்சியும் மடியில்தான் கிடந்தது. ஆனாலும் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வந்தது, நெருப்பில் விழுந்த உப்பைப் போலப் படபடவென்று.

அசையாமலிருக்க ஊசி போட்டிருந்த தவளை, வளைந்த இரும்புப் பட்டைக்கு அப்பால், அவளையும் அவளுக்குப் பின்னாலிருந்த கதவையும் பார்த்தபடி கண் திறந்து கிடந்தது. அதன் மூளையில் மயிரிழைக் கம்பி ஒன்று செருகியிருந்தது. குச்சியின் நுனியிலுள்ள கறுப்பு வில்லையைப் பட்டையோரமாக நகர்த்தி, எந்த இடத்தில் வரும்போது கம்பி ஸ்பீக்கரில் பொரிகிறதோ அந்த இடத்தைச் சொல்வது அவள் வேலை. வெளியே உட்கார்ந்து, அதே சத்தத்தைக் கேட்டபடி தாளில் புள்ளி வைப்பவர் வரைபடக்காரர். நாற்பது புள்ளி விழுந்தால், தவளையின் மூளை உலகத்தை எப்படி வரைந்துவைத்திருக்கிறது என்பது தாளில் வந்துவிடும். அசையாத எதையும் தவளையின் கண் சட்டை செய்வதில்லை. பொரிந்தால், ஏதோ அசைந்திருக்கிறது.

வெளியே பிற்பகல் மூன்று மணி. உள்ளே, வெளிச்சம் புகாதபடி கறுப்புத் துணி அறைந்த சுவர்களுக்கு நடுவே, ஒற்றை மங்கல் விளக்கின் கீழ், ஈரப் பாசி வாடையும் சூடேறிய வயர் வாடையும் கலந்து மூக்கில் அப்பியது.

வரைபடக்காரரைக் கூப்பிட இன்டர்காமை அழுத்தினாள். "அண்ணா, நான் அசையல. ஆனா சத்தம் வருது."

"மூச்சு விட்டிருப்ப. அதுக்கெல்லாம் நான் தடை போட முடியாதும்மா."

"முப்பதாம் புள்ளிலயே காட்டுது. என் தலைக்கு மேல ஒரு சாண்."

"போன ரெண்டு தவளையையும் இப்படித்தான் பாதியில கெடுத்த. இன்னிக்கும் எந்திரிச்சு வந்தா நாளைலேர்ந்து வரவே வேண்டாம்னு பேராசிரியர் சொல்லிட்டாரு. இன்னும் பத்தே புள்ளி. பல்லக் கடிச்சிட்டு உக்காரு."

உட்கார்ந்தாள். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும், எப்போதும் அப்படித்தானே. முறைப்படி சரிபார்த்தாள். தவளையின் ஒவ்வொரு கண்ணும் மூளையின் எதிர்ப்பாதிக்குத்தான் நேராகச் செய்தி அனுப்பும். மறு கண் கண்டது சுற்றுவழியில் வந்து அதே படத்தின்மேல் பிசகாமல் பொருந்தும். ஒரு கண் மட்டும் சொன்னால் வயர் கோளாறாக இருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தைச் சொன்னால், அங்கே ஒன்று இருக்கிறது.

தவளையின் இடது கண்ணை ஒரு மூடியால் மறைத்துவிட்டுக் காத்திருந்தாள். பொரிந்தது. மூடியை வலது கண்ணுக்கு மாற்றினாள். பொரிந்தது. அதே இடம்.

இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் மறைத்தாள். அமைதி.

வயர் கோளாறு இல்லை.

கையை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தாள். படபட. படபட.

கதவு நாலடி தூரம்தான். ஆனால் திரும்ப வேண்டும். திரும்பினால் மேலே இருப்பதன் அடியில் போக வேண்டும்.

வேலையைச் செய். வேலையை மட்டும் செய். கம்பி மூளையில் அடுத்த புள்ளிக்கு நகர, அதன் திருகை ஒரு சுற்றுச் சுற்றினாள். முப்பத்தொன்று. அது அவள் காதோரம் வர வேண்டிய புள்ளி. ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. அப்பாடா என்று தோள் தளர்ந்தது.

மறுகணம் அங்கேயும் பொரிந்தது.

"பலே," என்றது இன்டர்காம். "முப்பத்தொண்ணு விழுந்துடுச்சு. வில்லையை அப்படியே பிடிச்சுக்க."

வில்லை மடியில் கிடந்தது.

எழுந்திரு என்று காலுக்குச் சொன்னாள். கால் கேட்கவில்லை. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவளுடைய வலது கண்ணின் ஓரத்தில் ஏதோ தெரிந்தது. விரல் நுனி. மெலிந்தது. ஈரமானது. கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. மூக்குக்கு நேராக வந்து, இரண்டு கண்ணுக்கும் தெரிந்ததும், அங்கேயே நின்றுவிட்டது.

முகத்தைத் திருப்பப் பார்த்தாள். ஒரு கை தாடையைப் பிடித்து நேராக்கியது.

இன்னொரு கை, மூடியைப் போல, அவள் இடது கண்ணைப் பொத்தியது. மெதுவாக. வலிக்காமல்.

விரல் இருந்த இடத்திலேயே இருந்தது.