கீழே அனுப்புங்க

லென்னின் இடது முழங்கால் படி இறங்கும்போது மட்டும்தான் வலிக்கும். ஆயுசு முழுக்கச் சாரத்தில் ஏறி இறங்கிச் சுவர் பூசிய கால் அது. ஏறினால் ஒன்றும் தெரியாது, சமதரையில் தெரியாது, இறங்கினால் மட்டும் மூட்டுக்குள் உளியை வைத்துத் தட்டுகிற மாதிரி இருக்கும். மகள் லோர்னாவின் புது வீட்டில், வாசலிலிருந்து சமையலறைக்கு நடக்கும்போது அப்படித்தான் வலித்தது. அவர் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. தரை சமம். ஆனால் கால் இறங்கிக்கொண்டிருந்தது.

லோர்னா குடிவந்து ஒரு வருஷமாகியும் அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. சுவர்ப்பூச்சு உதிருது, வேற ஆளை வைக்க வசதியில்லை என்று அவள் அழாத குறையாகச் சொன்ன பிறகுதான் வந்தார். வந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஊர்ல வேற வீடே கிடைக்கலையா உனக்கு? உன் தாத்தா தலைமேல அடுப்ப வச்சு டீ போடுற."

"நீ வாங்கிக் குடுத்திருந்தா அரண்மனைக்கே போயிருப்பேன். கிடங்குல பெட்டி தூக்குறவளுக்கு இங்கதான் கட்டுப்படியாச்சு. என்கிட்ட எதுக்குக் கத்துற? வித்தவன்கிட்ட போய்க் கத்து."

"அவன் ஸ்பெயின்ல வெயில் காயுறான்."

"அப்போ சுவரப் பாரு. எல்சிய விட்டுட்டுப் போறேன், ஷிஃப்ட் முடிஞ்சதும் வந்துடுவேன். பிள்ளைகிட்ட இந்தச் சாம்பல் கதையெல்லாம் பேசாத."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

விற்றவன் கால்பந்து கிளப்பின் தலைவன். டேனரி ரோடு மைதானம் இந்த இடத்தில்தான் இருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஜனங்கள் நின்று பார்க்கிற படிமேடு இருந்த இடத்தில்தான் இந்த வீட்டு வரிசை. இரும்பாலைக் கசடையும் கரிச்சாம்பலையும் வண்டி வண்டியாகக் கொட்டி எழுப்பியதால் அதற்குச் சாம்பல் மேடு என்று பேர். பிற்பாடு செத்தவர்களின் சாம்பலையும், அவரவர் வாழ்நாளெல்லாம் நின்ற படியில் துளைபோட்டுப் புதைத்தார்கள். லென்னின் அப்பா வில்ஃப் பின்வரிசையில், ஆட்கள் சாய்ந்து நிற்கும் இரும்புக் கம்பியடியில். மைதானம் கைமாறியபோது தலைவன் மேடையேறி, ஒவ்வொருத்தர் சாம்பலையும் எடுத்துப் புது மைதானத்தில் வைப்போம், இது என் வாக்கு என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். லென்னும் தட்டினார். அதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை எரிகிறது. பிறகு புல்டோசர் வந்தது. மேட்டைச் சரித்து, எல்லாவற்றையும் அடிப்பள்ளத்தில் தள்ளி, நிரவி, மேலே கான்கிரீட் போட்டார்கள். கேட்கப் போனவர்களுக்கு கிளப் வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பினார்கள்.

பூச்சு உதிர்ந்திருந்த விதம் லென்னுக்குப் பிடிபடவில்லை. ஈரம் என்றால் அடியிலிருந்து ஏறும், ஒழுக்கு என்றால் மேலிருந்து இறங்கும். இது இரண்டுமில்லை. வாசல் பக்கம் தோள் உயரத்தில் தொடங்கி, அடுப்புப் பக்கம் தாழ்ந்து, சரிவாக ஒரு கோடு. வருஷக்கணக்கில் முதுகுகள் சாய்ந்து தேய்ந்த மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு. பூச்சுக் கரண்டியால் சுரண்டி முகர்ந்தார். நனைந்த கம்பளிக்கோட்டு வாடை, பைப் புகையிலை, ஆட்டத்தன்று குடிக்கும் சூடான மாட்டிறைச்சிச் சாறு, அதற்கெல்லாம் அடியில் படியிலேயே பெய்த பழைய மூத்திரம்.

"தாத்தா, அங்க நின்னா தூக்குவாங்க," என்றாள் பேத்தி எல்சி. நாலு வயசு. மேஜைக்கடியில் உட்கார்ந்து பொம்மைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு தூக்குவா?"

"கோட்டுப் போட்ட தாத்தாங்க. கோவமா இருக்காங்க." கொஞ்சம் யோசித்தாள். "என்மேல இல்ல."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். தூக்குவார்கள்தான். அந்த மேட்டின் ஆகக் கீழ்ப்படி தெருவுக்கு ஆளுயரம் கீழே, பள்ளத்தில் இருந்தது. அங்கே ஒரு குட்டைச் சுவர், பிள்ளைகளின் இடம். மேலே கூட்டம் நெரிக்கும்போது யாராவது "கீழே அனுப்புங்கப்பா!" என்று கத்துவான்; உடனே பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கி, முகம் தெரியாத ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சுவர்வரை கொண்டுபோய் இறக்குவார்கள். எத்தனையோ சனிக்கிழமை லென் அப்படி மிதந்து போயிருக்கிறார். சுவரில் உட்கார்ந்து குதிகாலால் தட்டிக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்ததும் அப்பா வந்து அழைத்துப்போவார்.

இன்றைக்கும் சனிக்கிழமை. ஆட்டம் தொடங்கும் நேரம், மூன்று மணி, ஆகப்போகிறது.

"எல்சி, கோட்ட எடு. நாம வெளிய போலாம்."

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் கண்ணாடியில் ஒட்டி நின்றது. வாசல் பக்கம் டடக் என்று ஒரு சத்தம். பழைய மைதானத்தில் ஒவ்வொரு ஆளாக உள்ளே விடும் சுழல்கதவின் சத்தம். அதை அவர் மண்ணுக்குள் போனாலும் மறக்கமாட்டார். டடக். மறுபடி டடக். பிறகு எண்ணமுடியாமல். ஆணியடித்த பூட்ஸுகள் தரையில் அரைபட்டன. இருமல். செருமல். ஒருத்தரும் பாடவில்லை. ஆட்டத்துக்கு வந்த கூட்டம் பாடாமல் நிற்பதை அவர் கேட்டதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிற கூட்டம். அந்தக் கோபம் அவருக்குத் தெரியும். அவர் தொண்டையிலும் அதுதான் இருந்தது.

திரும்பினார்.

மேஜைக்கடியில் பொம்மை மட்டும் கிடந்தது.

எல்சி வாசல் பக்கச் சுவரோரம். கூரைக்குக் கீழே. மல்லாக்க. கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் கம்பளிச்சட்டை விரல் விரலாக அமுங்கியிருந்தது.

பாய்ந்தார். கால் மடங்கியது. விழவில்லை. விழ இடமில்லை. இருபுறமும் தோள்கள். கண்ணில் படாத தோள்கள். ஈரக் கம்பளி. எலும்பு. கையைத் தூக்க முடியவில்லை. மூச்சு முட்டியது.

"கீழே விடுங்க!" கத்தினார். "யோவ், பிள்ளையக் கீழே விடுங்கப்பா!"

இருமலும் செருமலும் நின்றன.

வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது. இந்தக் கூட்டத்துக்குக் கீழே என்றால் இந்தத் தரை இல்லை.

"இல்ல! அங்க இல்ல!"

காதருகே புகையிலை மூச்சு. அப்பாவின் குரல். பாசமில்லை அதில், வேலை மட்டும்.

"பிள்ள வருது. கீழ அனுப்புங்கப்பா."

அவள் நகர்ந்தாள். ஒரு கை. இன்னொரு கை. கதவருகே தலை உயரம். மேஜையருகே நெஞ்சு உயரம். அடுப்பருகே முழங்கால்.

"தாத்தா, பாரேன்!"

தரையோட்டில் அவள் ஷூ இறங்கியது. ஓடு உடையவில்லை. கால். இடுப்பு. சிரித்த முகம். கடைசியாக மேலே நீட்டிய ஒரு கை, டாட்டா காட்டியபடி.

நெரிசல் விட்டது. லென் குப்புற விழுந்தார். சுத்தியலை எடுத்தார். ஓடு நொறுங்கியது. அடியில் கான்கிரீட். அடித்தார். கைப்பிடி முறியும்வரை அடித்தார்.

"அப்பா! ஆட்டம் எப்ப முடியும்? அப்பா!"

லென் தரையில் காதை வைத்தார். வாசலில் லோர்னாவின் சாவி திரும்பியது. தரைக்கு ஆளுயரம் அடியில், ஒரு சின்னக் குதிகால் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. டொக். டொக். டொக்.

மேட்டிலிருந்து ஒருத்தரும் கலையவில்லை. கிளப் அவர்களுக்கு ஓர் இடம் தரவேண்டும். இன்னும் தரவில்லை.