இடமிருந்து வலமாக

பெரிதாக்கித் தரச்சொல்லித் தையல்காரர் அவள் மேசைமேல் வைத்த குடும்பப் படத்திலும் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

அதே நெட்டை உருவம், கழுத்துவரை பொத்தான் போட்ட அதே கறுப்புக் கோட்டு, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல ஒரு பக்கமாகத் திரும்பிய அதே முகம். மதியத்திலிருந்து விடாத மழை நூலக மாடியின் தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. நனைந்த குடையின் வாடையும் பழைய அட்டைப்பெட்டிகளின் புழுங்கல் நெடியும் சேர்ந்து, ஈரத்துணி மூட்டைக்குள் தலையை விட்ட மாதிரி அந்த அறை மூச்சை முட்டியது. அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அவரேதான்.

யாரென்று கேட்டாள். தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க பெரியப்பாங்க. நான் சொல்லி நீங்கதானே எழுதிக்கிட்டீங்க? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

அவளுக்கு மறதி கிடையாது. அது ஒன்றுதான் அவளுடைய சொத்து. ஊரில் அவளுக்குப் படக்காரி என்று பெயர். வீடு வீடாகப் போய், பரணில் கிடக்கும் படங்களைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்து, நகலெடுத்து, இருப்பவர்கள் யார் யாரென்று இடமிருந்து வலமாகப் பென்சிலால் பின்பக்கம் எழுதி, வீட்டார் சொல்லும் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து வைப்பது அவள் வேலை. ராஜாவும் இல்லை, கோட்டையும் இல்லை. இந்த ஊருக்கு வரலாறு என்று இருப்பது இந்த முகங்கள்தான். அதற்கு நூலகத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு முகத்துக்கு இரண்டு வெவ்வேறு வீட்டார் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கும் தெரியாத முகமென்றால் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

அங்கேதான் அவள் கோட்டை விட்டாள்.

கீழ்க்கூடத்தில் கண்காட்சிக்கு நாள் குறித்தாயிற்று. ரொட்டிக்கடை திறந்த அன்று எடுத்த படத்தில் ஒன்பது பேர். எட்டுப் பேருக்குச் சாட்சி கிடைத்தது, ஓரத்தில் கறுப்புக் கோட்டோடு நின்ற ஒன்பதாவது ஆளை யாருக்கும் தெரியவில்லை. அங்கே 'தெரியவில்லை' என்று போட்டால் பொக்கைவாய் மாதிரி இருக்கிறது என்று நூலகர் மூன்று நாள் அவள் உயிரை வாங்கினார். நான்காம் நாள் சலித்துப்போய் 'பெரியப்பா' என்று எழுதினாள். எந்த வீட்டில்தான் ஒரு பெரியப்பா இல்லை? சாட்சிக்கான இரண்டு கையெழுத்தையும் அவளே கிறுக்கினாள். பென்சில்தானே, அப்புறம் அழித்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தாள்.

தையல்காரர் வீட்டுப் படம் மூன்று மாதத்துக்கு முன்பே ஒருமுறை அவள் கைக்கு வந்திருந்தது. அன்று அதில் அப்பா, அம்மா, அண்ணன், தையல்காரர், முக்காலியில் உட்கார்ந்திருந்த குட்டித் தங்கை என ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு வயதில் காய்ச்சலில் போன குழந்தை அது. அதைப் பற்றிச் சொல்லும்போது இந்த மனிதர் அழுத அழுகையில் இவளும் அழுதிருக்கிறாள். இப்போது முக்காலி காலியாக இருந்தது. அதன்மேல் அந்தக் கோட்டுக்காரரின் கை ஊன்றியிருந்தது.

"உங்க தங்கச்சி எங்கேங்க?"

தையல்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் வீட்டில் அவரும் அண்ணனும் மட்டும்தானாம். மழையில் நனைந்து உடம்புக்கு ஏதாவது வந்திருக்கும், சூடாக எதையாவது குடியுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவள் அன்றைய ஒலிப்பதிவைப் போட்டாள். அதே தொண்டைக் கமறல். அதே இடத்தில் நிறுத்தி மூக்கைச் சிந்தும் சத்தம். நடுவே தண்ணீர் வேண்டுமா என்று அவளே கேட்பது. எல்லாம் இருந்தது, தங்கை மட்டும் இல்லை. தங்கை இருந்த இடத்திலெல்லாம் பெரியப்பா இருந்தார். பெரியப்பா எங்களை விட்டு எங்கேயும் போகவில்லை என்று அந்தக் குரல் விம்மி விம்மிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெட்டிகளைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுப் படத்தில் அவருடைய முதல் மனைவியைக் காணோம். தபால்காரர் வீட்டில் வாய் பேசாத அத்தையைக் காணோம். இன்னும் ஆறு வீட்டில் ஆறு பேர். அந்த இடத்திலெல்லாம் கறுப்புக் கோட்டு. காணாமல் போனவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள், நினைத்துப் பார்க்க ஒருவரோ இருவரோ மட்டும் மிஞ்சியிருந்தவர்கள். இப்போது அவர்களை நினைத்துக்கொண்டிருப்பது உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

அடுத்த நொடி அவளுக்கு நினைவு வந்தது. தம்பி.

பதினோரு வயதில் லாரியில் அடிபட்டுப் போனவன். அவனுக்கென்று இருப்பது ஒரே ஒரு படம். அப்பா போன பிறகு நினைக்க அவளும் அம்மாவும் மட்டும். இந்த வேலைக்கு அவள் வந்ததே அவனால்தான். ஒரு படமும் இரண்டு பேரும் போய்விட்டால் ஒரு பிள்ளை இருந்ததற்கே அடையாளம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் படத்தை அவள் இங்கே கொண்டுவந்ததே இல்லை. சாட்சிக்கு இரண்டாவது வீடு கிடையாது.

கீழ்க்கூடத்துக்கு ஓடினாள். ரொட்டிக்கடைப் படத்தைச் சட்டத்திலிருந்து உருவி, திருப்பிப்போட்டு, 'பெரியப்பா' என்ற சொல்லை ரப்பரால் தேய்த்தாள். காகிதம் வெளுக்கும்வரை தேய்த்தாள். திருப்பிப் பார்த்தால் படத்தில் எட்டுப் பேர். ஓரத்தில் வெறும் சுவர்.

அப்பாடா என்றிருந்தது. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். மூச்சிரைக்க மாடியேறித் தையல்காரர் படத்தை எடுத்தாள். கோட்டு இல்லை. மருந்துக்கடை, தபால்காரர், மற்ற ஆறு வீடு, எதிலும் இல்லை. முக்காலியிலும் யாரும் இல்லை. போனவர்கள் திரும்பி வரவில்லை.

அவர் இங்கே எதிலும் இல்லை. அப்படியானால் எங்கே போனார்?

மழையில் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அம்மா முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அலமாரி மேல் படம். அப்பா, அம்மா, அவள், தம்பி. இருந்தான். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு, தாடையில் தழும்போடு, தன் சுண்டுவிரலை அக்காவின் சுண்டுவிரலில் கோத்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அழுகை வந்தது. படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, தம்பியப் பத்தி ஏதாவது சொல்லு. நிறுத்தாம சொல்லிக்கிட்டே இரு."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மகனைப் பற்றிப் பேச அவளுக்கு அலுக்குமா? ரொட்டியில் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுவை வைத்துவிடுவான் என்றாள். பல் விழுந்த ஓட்டை வழியாக விசிலடித்து ஊரையே கூட்டுவான் என்றாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போய்விடுவான் என்று சொல்லிச் சிரித்தாள்.

படத்தின் வலது ஓரம் லேசாக இருண்டது. வெளியே மப்பு கூடியிருக்கும். நனைந்த கம்பளியின் வாடை எங்கிருந்தோ வந்தது. அந்த வீட்டில் கம்பளியே கிடையாது. அவள் தம்பியையே பார்த்தாள். தழும்பு. பொத்தான். விரல். அம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது. தழும்பு. பொத்தான். ஓரத்தில் ஒரு கறுப்புக் கை. பார்க்கக் கூடாது. தம்பியைப் பார். கண்ணில் நீர் முட்டியது. எரிந்தது. இமைக்கக் கூடாது.

இமைத்தாள்.

அப்பா, அம்மா, அவள், பெரியப்பா. நான்கு பேரும் இருந்தார்கள். பின்னே எதற்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. பெரியப்பா நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல முகம்.

பக்கத்தில் அம்மா அலறிக்கொண்டிருந்தாள்.

"என் புள்ளை எங்கடி? இங்கதானே நின்னான்? என் புள்ளை எங்கடி?"

பாவம், வயதாகிவிட்டது. ஒரே ஒரு பெண்ணைப் பெற்றவள், இல்லாத பிள்ளையைத் தேடுகிறாள். அவள் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அம்மா கேட்கவில்லை, படத்தில் ஓரிடத்தையே குத்திக் குத்திக் காட்டினாள். பெரியப்பாவின் மூடிய கைக்குள்ளிருந்து ஏதோ கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது. விரல்நுனி அளவுதான் இருக்கும். பழைய படங்களில் இந்த மாதிரிக் கறை எத்தனையோ பார்த்தவள் அவள். பையிலிருந்து பஞ்சை எடுத்து, ஈரம் தொட்டு, பக்குவமாகத் துடைத்தாள்.

பஞ்சு பட்டதும் அது ஒருமுறை மடங்கியது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். போய்விட்டது.

அம்மாவின் அலறல் பாதியில் நின்றது. அம்மா தன் கன்னத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய கண்ணீரை, அது யாருக்கானது என்று தெரியாமல், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.