வெறுங்கால் அடையாளம்

கேத்தரினின் கைப்பைக்குள் ஃபோன் அலறியது!

பினாங்கு ஆற்றில் படகு ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. கணவன் லோகேஸ்வரன் கரையைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவள் மெல்லப் பின்பக்கம் நகர்ந்தாள்.

"அக்கா, கதீட்ரல் உள்ள ரெடி லா. அடையாளம் மாறலயே?"

"மாறல... வெறுங்காலோட வர்ற ஆளு!"

"பேரு, உறவு ஒண்ணும் வேணாம். காலு போதும். இனிமே ஃபோன் ஆஃப். முடிச்சிட்டுத்தான் கூப்பிடுவேன்."

ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் பழக்கம்.

படகில் மற்ற எல்லாரும் அவளுடைய கோயில் பங்குமக்கள். சப்பாத்தோடுதான் தேவாலயத்துக்குள் போவார்கள். லோகேஸ்வரன் மட்டும் இந்து வீட்டுப் பிள்ளை. எந்தச் சாமியானாலும் வாசலிலேயே கழற்றிவிடுவான்.

அவன் செய்த குற்றம்... கிளாடிஸ்! மூன்று மாதமாய் அந்தப் பெயருக்கு ஒளிந்து ஒளிந்து ஃபோன் பேச்சு.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"கேத்தி... கிளாடிஸ்னு ஒருத்தங்க..."

அவள் வெடுக்கென்று திரும்பினாள்.

"ஞானோபதேச டீச்சர். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போறேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு மறைச்சேன்."

அடிப்பாவி! யாரைக் கொல்லச் சொல்லிவிட்டாய்!

அந்தக் குரலின் எண்ணுக்கு அழைத்தாள். ஆஃப்! மறுபடியும்... ஆஃப்!

"அண்ணே! வேகமா விடுங்க!"

படகோட்டி பழனியப்பன் சிரித்தார்.

"அவசரம்னா கிராப் டாக்சில போகணும்மா. இது சும்மா சுத்திப் பாக்குற படகு லா!"

"வீட்டுக்குத் திரும்பிடலாங்க... தலை சுத்துது!"

"மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி வச்சா சரியாயிடும்!"

அவளால் அழத்தான் முடிந்தது.

படகுத்துறை வந்தது. எதிரிலேயே கதீட்ரல். அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்ற லோகேஸ்வரன் முதல் ஆளாய் ஓடினான்!

"நில்லுங்க!"

அவளுடைய குதிகால் செருப்பு பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இரண்டையும் உதறினாள். கொதிக்கும் தார் ரோட்டில் ஓடினாள்.

உள்ளே... மாதா சுரூபத்தின் முன்னால் உயிரோடு லோகேஸ்வரன்! அவன் காலில்... சப்பாத்து!

"கிளாடிஸ் டீச்சர்தான் சொன்னாங்க, போட்டுக்கிட்டே வரலாம்னு!" என்றான்.

அப்பாடா! தூண் மறைவில் சாய்ந்து கண்ணை மூடினாள். உள்ளங்காலில் தரை ஜில்லென்று இருந்தது.

ஜில்லென்றா?

குனிந்து பார்த்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

விரல் இடுக்கில் திணறினாள்.

"ஐயோ... நான்தான்... அந்த அக்கா..."

மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வந்த லோகேஸ்வரன் தூணடியில் அவளைப் பார்த்து அலறினான். ரத்தத்தில் கிடந்த கைப்பைக்குள் ஃபோன் அலறியது.

எடுத்துக் காதில் வைத்தான்.

"அக்கா, முடிஞ்சிருச்சு! ஆனா பலே ஆளு லா... 'நான்தான் அந்த அக்கா'ன்னு என்கிட்டயே கதை விடுது!"